புது டிஸ்க்குக்குப் பில், மாட்டியது என் பழைய டிஸ்க்

பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்கள், அதிலும் அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கேரேஜின் பெயரைப் போடவில்லை, பணத் தகராறு இன்னும் முடியவில்லை. கோயம்புத்தூருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில், ஏசி போட்ட ரிசப்ஷனோடு இருக்கும் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏசியைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன்.

வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல், ஆட்டோமேட்டிக். ஆள் ஏறாமலே இரண்டு டன்னுக்கு மேல். 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பிப்ரவரியில் சேலம் போய்த் திரும்பும்போது, எண்பதில் வந்து பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறியது. காலை எடுத்தால் உதறல் நின்றுவிடும். இப்படி இருந்தால் பெரும்பாலும் முன் சக்கர பிரேக் டிஸ்க்தான், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது பேடு, பேடை அழுத்துவது காலிப்பர். மறுநாளே கொண்டுபோய் விட்டேன்.

சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கோடு கோடாகப் பள்ளம் விழுந்த டிஸ்க் ஒன்றை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார்கள். "டிஸ்க் பெண்ட் ஆயிருச்சுங்க சார். ரெண்டு பக்கமும் மாத்தணும், பேடும் மாத்தணும்." சரி என்றேன். டிஸ்க் ஜோடி 13,600, பேடு 5,200, காலிப்பர் சர்வீஸ் 1,800, கூலி 2,400. மொத்தம் 23,000 ரூபாய். அன்றைக்கே வண்டியை எடுக்கப் போனபோது மேஜைமேல் இரண்டு காலி அட்டைப்பெட்டி இருந்தது. "பாக்ஸ் பாருங்க சார், ஒரிஜினல்." பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "ஸ்கிராப்காரன் காலையிலயே தூக்கிட்டுப் போயிட்டான்." காலையில் பேசி முடிவே ஆகாத வேலையின் பழைய சாமானைக் காலையிலேயே எப்படித் தூக்கிக்கொண்டு போனான்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சக்கரத்தின் இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். டிஸ்க் வெள்ளியாய் மின்னியது. பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உதறல் உண்மையிலேயே போய்விட்டது. மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உதறல் நின்றுவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி. சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். முப்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்க வேண்டும். என் தப்பையும் சொல்லிவிடுகிறேன்: கியரை இறக்காமல் டி-யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினேன். முன்னால் நெரிசல் வேறு. பாதி இறங்குவதற்குள் தீய்ந்த வாடை. மனைவி முன்னால் போகும் பஸ்ஸின் வாடை என்றாள். அடுத்த வளைவில் ஸ்டியரிங் பழையபடி உதறியது, முன்பைவிட மோசமாக. அதற்கடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். கியரை இரண்டாவதுக்குத் தள்ளி, ஊர்ந்து ஊர்ந்து ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பக்கெட் தண்ணீரோடு ஒரு பையன் ஓடி வந்தான். கடைக்காரப் பெரியவர் அவனை அதட்டினார்: "டேய், சூட்டுல தண்ணி ஊத்துனா விரிசல் உட்ரும், தள்ளி வை!" முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மிச்சத் தூரத்தை முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக இறங்கினோம்.

கணபதியில் என் மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக இரும்போடு பழகும் மனிதர். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் அவர் முதலில் எட்டிப் பார்த்தது டிஸ்க்கின் முகத்தை இல்லை, ஓரத்தை. முன் சக்கர டிஸ்க் இரண்டு தகடு சேர்ந்தது, நடுவில் காற்றுப் போக இடைவெளி இருக்கும். "மாப்ள, மூணு மாசத்து டிஸ்க்குனு சொன்ன. உள்ள பாரு, துரு ஏடு ஏடா நிக்குது." வெளியே அடித்த வெள்ளிப் பெயின்ட் அந்த இடைவெளிக்குள் போகவில்லை. நடுக்கிண்ணத்தைச் சுரண்டினார், பெயின்ட்டுக்கு அடியிலும் பழைய துரு.

அப்புறம் தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தார். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னுடையதில் 26 மி.மீ. புதிதாக வரும்போது 28. மாமா அளந்தபோது இடது 25.1, வலது 24.7. அதாவது என் டிஸ்க்கையே கழற்றி, லேத்தில் கடைந்து, அதாவது மேல்பரப்பைச் சீவி, பெயின்ட் அடித்து, புதுசு என்று மாட்டியிருக்கிறார்கள். டிஸ்க் ஒன்றைக் கடைய ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது என்று மாமா சொன்னார்.

கடைவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பு மிச்சம் இருந்தால் கடைவது முறையான வேலைதான், செலவும் மிச்சம். மெக்கானிக்குகள் 'பெண்ட்' என்பது பெரும்பாலும் வளைவே கிடையாது. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், அல்லது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஏறி டிஸ்க் நூலளவு சாய்ந்து உட்காரும். சுற்றச் சுற்ற ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு என்று ஆகும், அதுதான் உதறல். கடைந்தால் அது போய்விடும், எனக்கும் போனது. ஆனால் பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் வேலை, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது டிஸ்க்கின் இரும்பு. இரும்பு குறைந்தால் அதே இறக்கத்தில் சூடு இன்னும் ஏறும். சமவெளியில் இரண்டு டன் வண்டியில்கூட இது தெரியாமல் ஓடிவிடும். மலையில் காட்டிக்கொடுத்துவிடும்.

பெடல் பஞ்சு போல ஆனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பிரேக் ஆயிலைத் தொடவே இல்லை, நிறம் டீ டிகாஷன் மாதிரி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, மிதித்தால் குமிழிதான் நசுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை நானும் மாற்றவில்லை, 1,800 ரூபாய் வாங்கிய 'காலிப்பர் சர்வீஸ்'காரர்களும் சொல்லவில்லை. அந்த சர்வீஸின் லட்சணம் இன்னொன்று: வலது காலிப்பர் நகர்ந்து கொடுப்பதற்காக இருக்கும் ஸ்லைடு பின் துளிகூட அசையவில்லை. பின் இறுகினால் உள்பக்கப் பேடு மட்டும் தேயும், வெளியிலிருந்து பார்த்தால் பேடு நன்றாகவே தெரியும். என்னுடையதில் வெளிப்பேடு எட்டு மி.மீ., உள்பேடு நாலு. மூன்று மாதத்தில்!

கேரேஜுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் "புது டிஸ்க்கே இப்படித்தாங்க வரும்." மாமா மைக்ரோமீட்டரை மேஜைமேல் வைத்து, "அப்ப உங்க ஸ்டாக்குல ஒண்ணு எடுங்க, அளந்துரலாம்" என்றார். அப்புறம் "பசங்க பண்ணிட்டாங்க சார், எனக்குத் தெரியாது." அந்த டிஸ்க்கை எந்தக் கடையில் வாங்கினீர்கள், கொள்முதல் பில்லைக் காட்டுங்கள் என்றேன். அதோடு பேச்சு நின்றது. என் கையில் இருந்ததும் ஜிஎஸ்டி எண் இல்லாத சீட்டுதான். ஆனால் டிஸ்க் ஜோடி என்று அவர்கள் கைப்பட எழுதி, தொகை போட்டுக் கையெழுத்து இருந்தது. அந்த வாட்ஸப் வீடியோவும் போனில் இருந்தது. வீடியோவில் இருந்த டிஸ்க்கின் போல்ட் துளை ஓரத்தில் ஒரு வெட்டு, இப்போது கழற்றிய டிஸ்க்கிலும் அதே இடத்தில் அதே வெட்டு. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பத்து நாளில் 13,600 வந்தது.

மறுபடி மாற்றியபோது பக்கத்திலேயே நின்றேன். புது டிஸ்க்கை என் முன்னால் பிரித்து, மாட்டுவதற்கு முன்பே அளந்தோம்: இரண்டும் 28. ஹப் முகத்தின் துருவைக் கம்பிப் பிரஷ் போட்டுச் சுத்தமாக எடுத்தார்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் புது டிஸ்க்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறும். டிஸ்க்கில் பூசி வரும் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தார்கள். டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றியதில் பக்கவாட்டு ஆட்டம் 0.03 மி.மீ., 0.05-க்குள் இருந்தால் நல்லது என்றார் மாமா. வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி இறுக்காமல் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கினார்கள். அப்புறம் காலியான ரோட்டில் அறுபதிலிருந்து பத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டுப் பத்துத் தடவை. பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக அது வேண்டும்.

வீட்டில் மைக்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு மாமா சொன்ன வழி. டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் ஒரு வரப்பு நிற்கும். வெர்னியரை அப்படியே பிடித்தால் அந்த வரப்பில் தட்டித் தடிமன் அதிகமாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பிடித்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். துல்லியம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும், 28-ஐயும் 25-ஐயும் பிரித்துக் காட்ட அது போதும்.

பேடு, கூலி, காலிப்பர் என்று பாக்கி 9,400. தர முடியாது என்று எழுத்தில் சொல்லிவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிஸ்க் இரண்டும் 25.1, 24.7 என்று சாக்பீஸில் எழுதி மாமாவின் பட்டறையில், எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்கிராப்காரனிடம் கொடுக்கக்கூடாது என்று அங்கே வேலை செய்யும் பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.