பிடிஎம்எஸ் என்று சொல்லி வெறும் மெழுகைத் தலையில் கட்டிவிட்டார்கள்

வீட்டில் கண்டிஷனர் செய்கிறவர்கள் ஆன்லைனில் எமல்சிஃபையர் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் பொருள்) வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். 500 கிராம் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

வழக்கமாக வாங்கும் இடத்தில் ஸ்டாக் இல்லை. வேறொரு கடையில், கண்டிஷனருக்கு நான் போடும் எமல்சிஃபையரான பிடிஎம்எஸ்-50 பாதி விலைக்குக் கிடைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வந்த பாக்கெட்டில் பேட்ச் எண் இல்லை, பிஹெண்டிரிமோனியம் மெத்தோசல்ஃபேட் என்ற அதன் முழுப்பெயரும் இல்லை. உள்ளே வெள்ளை வெள்ளையாக முத்துகள். அசல் பிடிஎம்எஸ்ஸில் லேசாக ஒரு மீன் வாடை வரும். இதில் மெழுகுவர்த்தி வாசனைதான் வந்தது. நல்ல சரக்குபோல என்று சந்தோஷப்பட்டேன், பாருங்கள்!

எப்போதும்போல 6 சதவீதம் போட்டு, எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாக 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றாக ஊற்றிப் பிளெண்டரால் அடித்தேன். பால்போலத்தான் வந்தது. காலையில் பார்த்தால் மேலே ஒரு விரல்கனத்துக்கு ஆடை. கரண்டியால் தட்டினால் டக்கென்று உடைகிறது, அடியில் கலங்கல் தண்ணீர். வீணாக்க மனமில்லாமல் திரும்பக் கலக்கித் தலையில் தடவியதுதான் பெரிய முட்டாள்தனம். சிக்கு கொஞ்சமும் விடவில்லை. சீப்பின் பல்லெல்லாம் வெள்ளைப் பிசுக்கு. இரண்டு முறை ஷாம்பு போட்ட பிறகுதான் போனது.

கடைக்காரரிடம் கேட்டேன். “நீங்க சரியா சூடு பண்ணலை மேடம்” என்றார். தெர்மாமீட்டர் படம் அனுப்பினேன். “அப்போ பிளெண்டர்தான் பிரச்சினை” என்றார். ஆய்வுச் சான்றிதழ் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

என் கணிப்பில் அது வெறும் செட்டோஸ்டியரில் ஆல்கஹால் என்ற மெழுகுபோன்ற பொருள். பார்வைக்கு அச்சு அசல் அப்படியே இருக்கும், விலையோ மிகக் குறைவு. கண்டிஷனரைக் கெட்டியாக்கும், ஆனால் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்க அதனால் மட்டும் முடியாது. பிடிஎம்எஸ்ஸில் நேர்மின்னூட்டம் உண்டு. ஈர முடி எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் போய் ஒட்டிக்கொள்ளும். சிக்கு வழுக்கிக்கொண்டு விடுவது அதனால்தான்.

பாக்கெட் வந்ததும் 100 மில்லி வெந்நீரில் 5 கிராம் போட்டு, முழுதும் உருகும்வரை சூட்டிலேயே வைத்து, ஆறும்வரை கலக்குங்கள். அசல் என்றால் எண்ணெயே இல்லாமல் லோஷன்போலக் கெட்டியாகும். என்னுடையது வட்டத் தகடாக மேலே மிதந்தது. ஆனால் ஒன்று, சாதாரண எமல்சிஃபையிங் வாக்ஸை (நேர்மின்னூட்டம் இல்லாத எமல்சிஃபையர்) மாற்றிக் கொடுத்திருந்தால் இந்தச் சோதனையில் அதுவும் பாஸாகிவிடும். அதனால் ஆறியதை ஈர முடியில் ஒரு கொத்துக்கு மட்டும் தடவிப் பாருங்கள். வழுக்கல் வரவில்லை என்றால் அது பிடிஎம்எஸ் இல்லை. இவ்வளவையும் பாக்கெட்டைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு செய்யுங்கள். என்னிடம் வீடியோ இல்லாததால் பணம் போயே போய்விட்டது.

மீதி 470 கிராம் அலமாரியில் இருக்கிறது. வேறிடத்தில் வாங்கிய அசலோடு 2 சதவீதம் சேர்த்துக் கெட்டியாக்கப் பயன்படுத்துகிறேன். இந்த வேகத்தில் போனால் தீர எத்தனை வருஷம் ஆகுமோ!