பழைய வண்டிக்கு மாற்று பிரேக் லைட்: “எரியுது பாருங்க” என்றால் நம்பி வாங்காதீர்கள்

“ஒரிஜினலுக்கு நிகர், அப்படியே உட்காரும்” என்று சொல்லி விற்ற பின்விளக்கு செட் இது. வண்டி பழசு; கம்பெனி பார்ட் வருவது நின்று பல வருஷம். விற்றவர் பேட்டரியில் வயரை வைத்து எரியவிட்டுக் காட்டினார். சிவப்பாக, பளிச்சென்று எரிந்தது. வண்டியில் மாட்டி, இருட்டில் பின்னால் நின்று பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் ஒளி கூடுகிறது. வலது பக்கம் டெயில் லைட்டே ஏற்கெனவே கண்ணைப் பறிக்கிறது. மிதித்தாலும் மாற்றமே தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், “மாட்டின சாமானை எடுக்க மாட்டோம், உங்க வயரிங்ல கோளாறு” என்று பதில்.

வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு பல்பு ஹோல்டரில்.

இந்த வகை விளக்கில் போடுவது 21/5 வாட் டபுள் காண்டாக்ட் பல்பு. உள்ளே இரண்டு இழை: பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட். பெயரளவில் 21 வாட் இழை தருவது 440 லூமென் (ஒளியின் அளவு), 5 வாட் இழை தருவது 35 லூமென். ஏறத்தாழ 12 மடங்கு. பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் போட்டதைச் சொல்வது இந்த வித்தியாசம் மட்டும்தான். பல்பு தலைகீழாகப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அதன் பித்தளை அடியில் உள்ள இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஹோல்டரில் பின் நுழையும் காடியும் அதற்கேற்ப ஒன்று ஆழமாகவும் மற்றது ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த செட்டின் வலது ஹோல்டரில், மெல்லிய தகட்டில் இரண்டு காடியையும் ஒரே ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். பல்பு எப்படித் திருப்பினாலும் உள்ளே போகிறது. மாறிப் போனால் டெயிலுக்கு 21 வாட் எரியும், பிரேக்குக்கு வெறும் 5. பகலில் நிலைமை இன்னும் மோசம்: டெயில் அணைந்திருக்கும், பிரேக் மிதித்தால் அந்த 5 வாட் வெயிலில் கண்ணுக்கே படாது. இரவு முழுக்க 21 வாட் எரியும் சூட்டில் விளக்கின் பிளாஸ்டிக் கூடே இளகிவிடும்.

ஆகவே வாங்கும் இடத்திலேயே லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். பல்பைப் போட்டுப் பாருங்கள், எடுத்து அரைச்சுற்று திருப்பி மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை போகவே கூடாது. போனால் அந்த விளக்கு வேண்டாம்.

எர்த்திலும், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையிலும், ஏமாறுகிறார்கள். பழைய விளக்கின் உடம்பு உலோகம். போல்ட் வழியாகவே எர்த் கிடைத்துவிடும். மாற்று விளக்கு பிளாஸ்டிக் என்றால் தனி எர்த் வயர் இருந்தே ஆக வேண்டும். பிரேக் மிதிக்கும்போது டெயில் மங்குவதும் இண்டிகேட்டர் லேசாக மினுக்குவதும் எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம். பிரேக்கை மிதித்தபடி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஹோல்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். கூடினால் பெயின்ட்டைச் சுரண்டி, சேசிஸுக்கு (வண்டியின் சட்டத்துக்கு) நேராக ஒரு வயர் இழுங்கள்.

“அப்ப எல்இடி பல்பு போட்டுக்கங்க” என்பது அடுத்த வலை. எல்இடி கெட்டதில்லை. முழு விளக்காகவே எல்இடிக்கென்று வடிவமைத்ததாக இருந்தால் நல்லது. இழை பல்பை விட சுமார் 0.2 வினாடி முன்னதாகவே எரியும், 100 கி.மீ. வேகத்தில் அது 5 மீட்டருக்கு மேல். ஆனால் பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் பழைய கிண்ணத்தின் வளைவு, இழை இருக்கும் அந்தப் புள்ளிக்காகவே செய்தது. எல்இடி சிப்கள் வேறு இடத்தில் இருந்தால் ஒளி சிதறும். வெள்ளை எல்இடியின் ஒளியில் சிவப்பு குறைவு என்பதால் சிவப்பு லென்ஸ் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பல மலிவு பல்புகளில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே பேருக்குத்தான். கறுப்புச் சாயம் பூசிய லென்ஸ் பக்கமே போக வேண்டாம்.

பெட்டியில் ஒட்டிய முத்திரைக்கு மதிப்பில்லை. தர அனுமதியைக் காட்டும் முத்திரை, அதாவது வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்தும் எண்ணும், பக்கத்தில் அனுமதி எண்ணும் லென்ஸிலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். வட்டத்துக்குள் 4 என்றிருந்தால் “நெதர்லாந்து சாமான்” என்பார்கள். அது அனுமதி கொடுத்த நாடு. செய்த நாடு இல்லை.

லென்ஸில் தேன்கூடு போலத் தெரியும் பிரதிபலிப்பான் பகுதியையும் சோதியுங்கள். டார்ச்சைக் கண்ணருகே பிடித்துப் பத்தடி தள்ளி நின்று அடித்தால் திருப்பி ஒளிர வேண்டும். இந்த செட்டில் அது வெறும் கோடு போட்ட பிளாஸ்டிக்.

பில்லில் ‘21/5 வாட், டபுள் காண்டாக்ட்’ என்று எழுதி வாங்குங்கள். பழைய விளக்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். துருப்பிடிக்காத பழைய ஹோல்டரைப் புதிய கூட்டில் ரிவெட் அடித்து மாட்டிக்கொள்ள வழியுண்டு. அப்படி மாட்டும்போது இழை பழைய உயரத்திலேயே நிற்கிறதா என்று அளந்துவிட்டு ரிவெட் அடியுங்கள்.