பிலிப்ஸ் 47 அச்சிட்ட கடை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் பாதி எழுத்துகள் போய்விட்டன. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஜேர்சிக் கடை. அகலம் பத்தடிகூட வராது. இடது சுவரில் உள்ளூர்க் கழகங்களுக்குத் தைத்த மாதிரிச் சட்டைகள் தொங்கும்; வலது சுவரில் பார்சிலோனா, ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைட்டட். நடுவில் ஒரு கண்ணாடி மேசை. அதன் பின்னால் எழுத்து வெட்டும் இயந்திரமும், வெட்டியதைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் இயந்திரமும். நான்கு வருடங்களாக இங்கே போய் வருகிறேன். இந்தக் கடையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய உண்டு. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரியது.

நான் பதினேழு வருடங்கள் உதைபந்தாட்டத்தில் நடுப் பின்களத்தில் ஆடியவன். துரையப்பா விளையாட்டரங்கின் புல்லிலும் ஆடியிருக்கிறேன், மாரியில் கணுக்கால் புதைகிற கிராமத்து மைதானங்களிலும் ஆடியிருக்கிறேன். இப்போது எங்கள் கழகத்தின் செயலாளர். எந்த அணியைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது நடுப் பின்களத்தில் நிற்கும் இருவரைத்தான். அவர்களில் ஒருவர் விழுந்தால் யார் வருவார் என்பதுதான் எனக்கு எழும் முதற்கேள்வி. கோல் போடுகிறவரைப் பற்றிப் பேசுவதற்கு ஊரில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

லிவர்பூல் ரசிகர்களான எங்களுக்கு அந்தக் கேள்வி 2020இல் நெருப்பாக வந்து விழுந்தது. 99 புள்ளிகளுடன் பிறீமியர் லீக்கை வென்ற அணி அது. அந்தக் கோடையில் லொவ்ரெனை செனிற் கழகத்துக்கு விற்றார்கள். அவருடைய இடத்துக்கு இன்னொரு நடுப் பின்கள வீரரை வாங்கவில்லை. ஒக்ரோபரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் நடுப் பின்கள வீரர் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸ் விழுந்தார். ஜனவரி முடிவில் மாட்டிப்பும் போனார். ஹென்டர்சனையும் பாபினோவையும் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார்கள். பின்களத்தின் ஓட்டையை அடைக்கப் போய் மத்திய களமும் ஓட்டையானது. வீரர்களை வாங்கும் காலத்தின் கடைசி நாளில் ஒசான் கபாக்கை இரவலாகவும் பென் டேவிசை விலைக்கும் எடுத்தார்கள். இங்கே அந்தக் காலம் முடியும்போது விடிகாலை நான்கரை மணி. நான் விழித்திருந்து பார்த்தேன். டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சொந்த மைதானமான அன்பீல்டில் அடுத்தடுத்து ஆறு ஆட்டங்கள் தோற்றோம்.

அந்தப் பருவத்தைக் காப்பாற்றியவர்கள் 46ஆம் இலக்க றீஸ் வில்லியம்சும் 47ஆம் இலக்க நற் பிலிப்சும். பேரணி யாரும் அவர்களுக்காக நடத்தவில்லை. 2021 மே மாதம் பேர்ன்லிக்கு எதிராகப் பிலிப்ஸ் தலையால் அடித்த கோல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. லிவர்பூலுக்காக அவர் போட்ட முதற்கோல் அது. மூன்றாமிடத்தில் முடித்தோம்.

அந்த வருடம் கொரோனாப் பயணத்தடை எல்லாம் நீங்கிய பிறகு, பிலிப்ஸ் 47 என்று ஒரு ஜேர்சி அச்சிடுவிக்க யாழ்ப்பாண நகரம் முழுக்கத் திரிந்தேன். ஒரு கடையில் சலா, வான் டைக் என்று முன்கூட்டியே வெட்டி வைத்த பெயர்கள் மட்டும்தான் இருந்தன. இன்னொரு கடையில் யார் இந்தப் பிலிப்ஸ் என்று கேட்டுச் சிரித்தார்கள். இந்தக் கடைக்காரர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து, "தம்பி, பெயரில் ஒரு எல்லா, இரண்டு எல்லா?" என்று கேட்டார். இரண்டு என்றேன். எழுதிக் காட்டிக் கையொப்பம் வாங்கினார். அந்தக் கேள்விக்காகவே நான் இந்தக் கடைக்காரரின் வாடிக்கையாளன் ஆனேன்.

வேலைப்பாட்டைச் சொல்லவேண்டும். இவை தாய்லாந்திலிருந்து வரும் நகல்கள். கழகம் விற்கும் சட்டைகள் அல்ல என்பதை அவரே முதலில் சொல்லிவிடுவார். நான் கடைசியாக வாங்கிய சட்டை 2,200 ரூபாய், பெயருக்கும் இலக்கத்துக்கும் 600 ரூபாய். எழுத்தை வெட்டிய பிறகு உள்ளே மிஞ்சும் துண்டுகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுப்பார்கள். பிறகு சட்டையை வெறுமனே ஒருமுறை அழுத்திச் சுருக்கத்தையும் ஈரத்தையும் போக்கிவிட்டுத்தான் எழுத்தை வைப்பார்கள். சூடு கூடினால் துணியில் பளபளப்பான சதுரம் விழும். குறைந்தால் இரண்டு தோய்ச்சலில் விளிம்பு எழும்பும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது, எதையும் விறைக்கவைத்துவிடும். அதனால் உட்புறத்தை வெளியே திருப்பித் தோய்க்கவேண்டும், நிழலில் காயப்போடவேண்டும், எழுத்தின்மேல் இஸ்திரிப்பெட்டி படவே கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறார். நான் சொன்னபடி செய்தேன். பிலிப்சின் பெயரில் இன்றும் ஒரு எழுத்துக்கூட வெடிக்கவில்லை. அவர் 2025இல் வெஸ்ற் புறொம்விச்சுக்குப் போய்விட்டார். சட்டை என்னிடம் இருக்கிறது.

இதே கடையில் கழிந்த ஓர் இரவைச் சொன்னால்தான் கடைக்காரரை விளங்கும். 2025 செப்ரெம்பர் 1, திங்கட்கிழமை. இங்கிலாந்தில் மாலை ஏழு மணிக்கு வீரர் வாங்கும் காலம் முடிகிறது. நமக்கு இரவு பதினொன்றரை. புதுப் பெயர் கேட்டு ஆட்கள் வருவார்கள் என்பதால் அவர் கடையைத் திறந்தே வைத்திருந்தார். கண்ணாடி மேசையில் ஒரு கைத்தொலைபேசி, அதைச் சுற்றி எட்டுப் பத்துத் தலைகள். லிவர்பூல் அந்தக் கோடையில் 400 மில்லியன் பவுணுக்குமேல் செலவழித்திருந்தது: விர்ட்ஸ், எக்கிட்டிக்கே, கேர்கெஸ், பிரிம்பொங். அன்றே இசாக்குக்கு 125 மில்லியன். நடுப் பின்களத்திலோ குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றுவிட்டு, பார்மாவிலிருந்து 18 வயது லியோனியை மட்டும் எடுத்திருந்தார்கள். மீதி நம்பிக்கை முழுவதும் கிறிஸ்டல் பலஸ் அணித்தலைவர் மார்க் கேஹியின்மீது. 35 மில்லியனுக்கு இணக்கம், மருத்துவப் பரிசோதனையும் நடந்தது என்று செய்தி.

நான் கேஹி என்று அச்சிட முற்பணம் கொடுத்தேன். கடைக்காரர் பணத்தை வாங்கி வைத்தார், ஆனால் தாளை இயந்திரத்தில் ஏற்றவில்லை. "கையெழுத்து விழட்டும் தம்பி. இலக்கமும் தெரியட்டும். அதற்குப் பிறகு வெட்ட ஐந்து நிமிடம்" என்றார். காத்திருந்த நேரத்தில் எங்கள் புண்களை எல்லாம் கிளறினோம். ஆர்சனல்காரர் ஒருவர் 2023 மார்ச்சில் சலிபா முதுகில் காயப்பட்ட கதையைச் சொன்னார். 248 நாட்கள் முதலிடத்தில் இருந்து கடைசியில் கிண்ணத்தைக் கோட்டைவிட்ட பருவம் அது. யுனைட்டட்காரர் இடது பின்களத்தைப் பற்றிச் சொன்னார்: லூக் ஷோவும் மலாசியாவும் இல்லாமல் றெகிலோனை இரவலாக எடுத்து, அவரையும் ஜனவரியில் திருப்பி அனுப்பிய பருவம். மூன்று கழகங்களின் ரசிகர்கள் ஒரே மேசையில், ஒரே முறைப்பாடு. விளம்பரத்துக்கு முகமாக நிற்கும் வீரருக்குப் பணம் இருக்கிறது. மாற்றுக் கதிரையில் உட்காரப்போகிறவருக்கு இல்லை.

நேரம் முடிந்தது. பலஸ் தன் தலைவருக்கு மாற்றுப் பின்கள வீரரை உறுதிசெய்ய முடியாமல் பேரத்தை நிறுத்திவிட்டது. எனக்குப் பலஸ்மீது கோபம் வரவில்லை. ஆளில்லாமல் ஆளை விடக்கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். அது சரியான நினைப்பு. லிவர்பூல் ஜூனில் செய்யவேண்டியதை செப்ரெம்பரின் கடைசி மணித்தியாலத்துக்குத் தள்ளியது ஏன் என்பதுதான் என் கேள்வி. இரண்டு மாதங்களுக்கு முன்பே அந்தத் தொகையைக் கொடுத்திருந்தால் பலசுக்கும் மாற்று வீரரைத் தேட நேரம் இருந்திருக்கும்.

கடைக்காரர் முற்பணத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் திருப்பித் தந்தார். அப்போது இரவு பன்னிரண்டு மணி.

செப்ரெம்பர் 23இல் சவுதம்ரனுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே லியோனியின் முழங்கால் நார் அறுந்தது. நான்கு நாள் கழித்து பலஸ் மைதானத்தில் 2-1 என்று தோற்றோம், என்கெட்டியா இறுதி மூச்சில் போட்ட கோலில். எதிரணியின் தலைவராக கேஹி நின்றார். அந்த ஆட்டத்தைத் தனியே வீட்டில் பார்த்தேன். யாருடனும் பேச மனம் வரவில்லை.

இன்னொன்றையும் பதிவுசெய்யவேண்டும். அந்த ஜூலையில் லிவர்பூல் வீரர் டியோகோ ஜோட்டா விபத்தில் இறந்தபோது, அவருடைய 20ஆம் இலக்கத்தை அச்சிடக் கேட்டு வந்தவர்களிடம் கடைக்காரர் எழுத்துக் கூலி வாங்கவில்லை. யாரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

எங்கள் கழகத்தின் கதைக்கு வருகிறேன். நமக்கு வீரர் வாங்கும் காலம் என்று ஒன்று கிடையாது. வீரர்கள் போகும் காலம் மட்டும் வருடம் முழுக்க இருக்கிறது. ஒருவன் கட்டாருக்கு, ஒருவன் பிரான்சுக்கு, ஒருவன் உயர்தரப் பரீட்சைக்கு, ஒருவன் கடலுக்கு. அணிக்கு 11 பேர் கொண்ட விலகல் முறைத் தொடர் ஒன்றுக்கு, மின்னொளியில் நடந்தது, நாங்கள் 13 பேருடன் போனோம். காலிறுதியில் இருபதாவது நிமிடம் நடுப் பின்கள வீரனின் முழங்கால் திரும்பியது. பக்கவாட்டில் ஓடுகிற பையனைப் பின்னுக்கு விட்டேன். 3-1 என்று தோற்றோம். அவனில் பிழை இல்லை. ஆளைத் தேடாமல் போன செயலாளரின் பிழை அது, செயலாளர் நான்.

அடுத்த பருவத்துக்கு 16 சட்டைக்குப் பதிலாக 22 சட்டைக்கு ஓடர் கொடுத்தேன். ஆளில்லாமல் சட்டை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள். சட்டை இருந்தால் ஆளைத் தேடவேண்டிய கடமையும் இருக்கும் என்று சொன்னேன். கடைக்காரருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "பின்களத்துக்கு நான்கு பேராவது இருக்கிறார்களா?" என்று அவரே கேட்டார். பதினேழு வருட ஆட்டத்தில் ஒரு தலைவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

இனிக் குறை. அந்த ஓடர் பத்து நாள் பிந்தியது. அழுத்தும் இயந்திரத்தை அறிந்தவர் கடையில் ஒரே ஒருவர்தான், அவருக்கு டெங்கு. முதல் ஆட்டத்தன்று காலையில்தான் சட்டைகள் கைக்கு வந்தன. கடைக்காரர் தானே அவசரத்தில் அழுத்தியவற்றில் நான்கு சரியாகப் பிடிக்கவில்லை. இடைவேளைக்குள் எங்கள் 8ஆம் இலக்கம் பாதி உரிந்து தொங்கியது. மத்தியஸ்தர் சட்டையை மாற்றச் சொன்னார். பிறகு கடைக்காரர் நான்கையும் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் தொடர் நாளில் வெட்கப்பட்டது நாங்கள். நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, லிவர்பூலைப் பற்றி இந்த மேசையில் எவ்வளவு பேசியிருக்கிறோம். உங்கள் கடையிலும் ஒரு ஆள் விழுந்தால் மற்ற ஆள் இல்லை." அவர் மறுக்கவில்லை. இப்போது உயர்தரம் முடித்த அவருடைய மகள் இரண்டு இயந்திரங்களையும் பழகுகிறார். போன மாதம் அவர் அழுத்திய சட்டைகளைப் பார்த்தேன், விளிம்பு நேராக இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழக ஓடர் என்றால் தொடருக்கு மூன்று கிழமை முன்பே கொடுங்கள். பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஞாயிறு பின்னேரம் கடை இல்லை.

சட்டைகளைத் திருத்தி வாங்கிய அன்று, 23, 24 என்ற இரண்டு இலக்கங்களையும் வெட்டி, எங்கள் கழகத்தின் பெயரெழுதிய உறையில் போட்டு லாச்சிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குக் காசு கேட்கவில்லை. போன கிழமை 23ஐ எடுத்து ஒட்டினோம். பின்களத்துக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், 17 வயது, இடது காலன்.