ஆண்ட்ராய்டு, ஐபோன், கிராஃபீன் ஓஎஸ்: மூன்றிலும் வாழ்ந்து பார்த்த அனுபவம்

2017-இல் போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டுத் தரும் செயலி ஒன்றை இறக்கினேன். திறந்ததும் தொடர்பு எண்களைக் கேட்டது. அவசரத்தில் 'அனுமதி' என்பதைத் தட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து என் பள்ளி ஆசிரியர் போன் செய்தார். "ஏம்ப்பா, உன் பேர்ல ஏதோ லிங்க் வந்திருக்கே, திறக்கலாமா?" எழுபது வயதைத் தாண்டியவர். கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதால் பிழைத்தார். என் பட்டியலில் இருந்த நானூறு சொச்சம் பேரில் இன்னும் எத்தனை பேருக்கு அந்த லிங்க் போனதோ, தெரியாது. அவர்கள் யாரும் எந்தச் செயலிக்கும் சம்மதம் சொல்லவில்லை. அவர்கள் சார்பில் நான் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எந்தப் போனை எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரு செயலியிடம் 'இவ்வளவுதான் தருவேன்' என்று சொல்ல இந்தப் போன் விடுகிறதா?

என் பழைய ஆண்ட்ராய்டு போன் அவ்வளவாக விடவில்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல்தான் ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகக் கேட்கும் முறையே வந்தது. அதற்கு முன்பு நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தலையாட்ட வேண்டும். புதிய முறையிலும் கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுக்க வேண்டும். மறுத்தால் பல செயலிகள் அப்படியே மூடிக்கொள்ளும். பிறகு ஆண்ட்ராய்டு 10-இல் 'பயன்படுத்தும்போது மட்டும்', 11-இல் 'இந்த ஒரு முறை மட்டும்', 12-இல் தோராயமான இருப்பிடம், மைக்கும் கேமராவும் ஓடினால் மேலே பச்சைக் குறி என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே நல்ல மாற்றங்கள். என் போனுக்குத்தான் எதுவும் வரவில்லை. தயாரித்த நிறுவனம் இரண்டே வருடத்தில் அப்டேட்டை நிறுத்திவிட்டது. அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பார்ப்பேன். பதினான்கு மாதம் அதே தேதி நின்றது. கண்டுபிடித்த ஓட்டைகளை கூகுள் தொடர்ந்து வெளியே சொல்கிறது. அந்த ஓட்டையை மூடும் திருத்தம், அதாவது அடைப்பு, வந்து சேராத போனுக்கு அந்த அறிவிப்பு ஆபத்து. ஆண்ட்ராய்டு வாங்குகிறவர்கள் கேமராவுக்கு முன்னால் இதைப் பாருங்கள். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 காலத்திலிருந்து உயர்ரகப் போன்களுக்கு ஏழு வருட அப்டேட் என்ற உறுதி வந்திருக்கிறது. விலை குறைந்த பல போன்களுக்கு இன்னும் அது இல்லை.

2020 கடைசியில் ஐபோனுக்கு மாறினேன். அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 14-ஆம் பதிப்பு வந்திருந்த நேரம். முதல் வாரமே மனசு லேசானது. செயலி போட்டோ கேட்டால் இரண்டே இரண்டு படத்தைத் தேர்ந்து கொடுக்கலாம். அடுத்த ஏப்ரலில் 14.5 வந்ததும், பிற செயலிகளிலும் தளங்களிலும் என்னைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் வெளிப்படையாகக் கேட்க வேண்டியதானது. ஒன்றுக்குக்கூட நான் சம்மதிக்கவில்லை. எந்தச் செயலியும் அதற்காக நின்றுபோகவுமில்லை.

ஆனால் செயலிகளிடமிருந்து காப்பாற்றுவது வேறு, போனைச் செய்தவரிடமிருந்து காப்பாற்றுவது வேறு. 2021-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் ஓர் ஆய்வு வெளியிட்டார். சும்மா கிடக்கும் ஐபோனும் சரி, கூகுளின் ஆண்ட்ராய்டு போனும் சரி, சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒரு முறை தாய் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்புகின்றன என்று அளந்து காட்டினார். அனுப்பும் அளவில் கூகுள் பல மடங்கு அதிகம். அதைப் படித்த பிறகுதான் ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடைத் தோண்டினேன். வழக்கமான அமைப்பில் அதன் பேக்கப்பைத் திறக்கும் சாவி ஆப்பிளிடமும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய மேம்பட்ட தரவுப் பாதுகாப்பை நாமே போய் இயக்கினால் சாவி நம்மிடம் மட்டும் இருக்கும். இயக்கினேன். அப்படியும் மின்னஞ்சல், காலண்டர், தொடர்பு எண்கள் மூன்றும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கின்றன. தொடர்பு எண்கள்! எனக்கு எது வலித்ததோ அதுவே.

நியாயமாகச் சொன்னால், பூட்டு என்ற வகையில் ஐபோன் மிக உறுதியானது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் ஐபோனுக்குள்ளும் புகுந்தன என்பது உண்மை. அப்படிப் புகுவதைத் தடுக்க, சில வசதிகளை முடக்கிப் போனை இறுக்கும் லாக்டவுன் மோடு ஐஓஎஸ் 16-இல் வந்தது; அதை ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். சில இணையப் பக்கங்கள் தடுமாறின, மற்றபடி தொந்தரவு இல்லை. பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

2023 முடியும்போது ஒரு பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ் ஏற்றினேன். இது பிக்சலில் மட்டுமே ஓடும், ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம்) இயங்குதளம். ஏற்றுவதற்குக் கணினியில் பிரவுசரும் ஒரு கேபிளும் போதும், அரைமணி நேர வேலை. ஏற்றி முடித்ததும், போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும்; அந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாதுகாப்பே அதில்தான் நிற்கிறது. சாதாரண ஆண்ட்ராய்டில் தனிச் சலுகையோடு உட்கார்ந்திருக்கும் கூகுள் ப்ளே சேவைகள் இதில் மற்ற செயலிகளைப் போலவே ஒரு கூண்டுக்குள் ஓடும். என் தொடர்பு எண்களை அதற்கும் மறுத்திருக்கிறேன்.

இணையத்தைக்கூட ஒரு அனுமதியாக்கி வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆண்ட்ராய்டில் எந்தச் செயலியும் கேட்காமலே இணையத்துக்குப் போகலாம். இதில் நிறுவும் நேரத்திலேயே அதை அணைத்துவிடலாம். என் தமிழ்க் கீபோர்டுக்கும் ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிக்கும் இணையம் கிடையாது. நான் தட்டும் எழுத்து எங்கும் போகவில்லை என்பதை நம்பிக்கையின் பேரில் விட வேண்டியதில்லை, நேரடியாகப் போக வழியே இல்லை. அப்புறம், 18 மணி நேரம் பூட்டியே கிடந்தால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். திருடு போன போனில், தகவலைத் திறக்கும் மறைகுறியாக்கச் சாவி நினைவகத்தில் தங்காமல் அழிந்துவிடும். ஐபோனிலும் ஐஓஎஸ் 18.1 முதல் இது உண்டு, ஆனால் மூன்று நாள் ஆகும்.

குறைகள்? கூகுள் வாலட்டில் தட்டிப் பணம் கட்டுவது வேலை செய்யாது. நான் பயன்படுத்தும் ஒரு வங்கிச் செயலி திறக்கவே மறுத்தது. அங்கீகரித்த இயங்குதளம் இல்லையாம். அடைப்பு வராத பழைய போனில் தாராளமாகத் திறக்கும் செயலி, வேகமாக அடைப்பு வரும் போனில் மறுக்கிறது. இது எனக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு வேலைக்காக ஐபோனை வீட்டில் வைத்திருக்கிறேன். இந்த மல்லுக்கட்டு வேண்டாம் என்கிறவர்களுக்கு, ஐபோனை வாங்கி மேம்பட்ட தரவுப் பாதுகாப்பை இயக்கிக்கொள்ளச் சொல்வேன். என் தங்கைக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

நான் பிக்சலிலேயே இருப்பதற்குக் காரணம் ஒரு சின்ன திரை. ஒரு செயலி தொடர்பு எண்களைக் கேட்டால், அனுமதி கிடைத்துவிட்டதாக அதை நம்பவைத்து, நான் தேர்ந்த பெயர்களை மட்டும் காட்டலாம். 2024-இல் ஐஓஎஸ் 18 வந்தபோது ஐபோனிலும் ஆட்களைத் தேர்ந்து கொடுக்கும் வசதி வந்தது, மகிழ்ச்சி. போன வாரம் செலவைப் பங்கு பிரிக்கும் செயலி ஒன்று என் பட்டியலைக் கேட்டது. பயணத்துக்கு வருகிற மூன்று பேரை மட்டும் குறித்தேன். அந்தச் செயலியைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்தான். ஆசிரியரின் எண் அதற்குத் தெரியாது.