கால்சியம் மாத்திரை: கார்பனேட்டா, சிட்ரேட்டா, கேழ்வரகும் பாலுமே போதுமா?

அம்மாவுக்கு 64 வயது. எலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததிலிருந்து, பெரம்பூரில் வீட்டுப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் "கால்சியம் ஒரு அட்டை" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்ன கால்சியம் என்று கடையிலும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வயிற்று எரிச்சலுக்குப் பான்டாப்ரசோல், கூடவே கால்சியம், மூன்றையும் ஒரே டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிடுவார். தைராய்டு அளவு ஏன் கட்டுக்குள் வரவில்லை என்று ஒரு வருஷம் அலைந்தோம். கால்சியம் அந்தத் தைராய்டு மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கடையில் பெரும்பாலும் கையில் கொடுப்பது கால்சியம் கார்பனேட். விலை குறைவு. எடையில் 40 சதவீதம் கால்சியம், அதாவது 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் 500 மில்லிகிராம் கிடைக்கும். ஆனால் அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போட வேண்டும். வெறும் வயிற்றில், அதுவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் சரியாகச் சேராது. அம்மா செய்தது அதேதான். சிலருக்கு மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரும்.

சிட்ரேட்டில் 21 சதவீதம்தான் கால்சியம், அதனால் அதே அளவுக்கு மாத்திரை பெரிதாகவோ இரண்டாகவோ இருக்கும், விலையும் கூடுதல். அதற்கு அமிலம் தேவையில்லை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சேரும். பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகளைத் தினமும் போடுகிற பெரியவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு தகும் என்பேன். மற்றவர்களுக்குக் கார்பனேட்டே போதும். பவளக் கால்சியம், சிப்பிக் கால்சியம் என்று அதிக விலைக்கு விற்பதும் அடிப்படையில் கார்பனேட்தான்.

எதை வாங்கினாலும் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் எண் கார்பனேட் அல்லது சிட்ரேட்டின் மொத்த எடையா, உள்ளே இருக்கும் கால்சியமா என்று பாருங்கள். கால்சிட்ரியால் சேர்த்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், அது வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம், ரத்தத்தில் கால்சியத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிடக்கூடும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுக்கிற 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் போடுவதும் ஆபத்து.

சரி, சாப்பாடு? இதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும், நாங்கள் கடைசியில் போட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம், ஆக ஆவின் அரை லிட்டர் பாக்கெட் ஒன்றிலேயே, காபியும் தயிருமாக ஒருவரே சாப்பிட்டால், 600 வந்துவிடும். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350, அடைக்கோ கூழுக்கோ 50 கிராம் மாவு என்றால் 175. அதில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியம் உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும், முளைகட்டி அரைத்தால் அது குறையும். பாலக்கீரையை நம்ப வேண்டாம், அதில் இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது, பாலில் இருந்து 30 சதவீதம் சேரும் இடத்தில் பாலக்கில் 5 சதவீதம்தான். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிற வீடுகளுக்கு இன்னும் நல்லது.

இப்படிக் கூட்டிப் பார்த்தால் அம்மாவுக்குக் குறைவது 400 சொச்சம். காலையும் இரவும் என்று இரண்டு மாத்திரை போட்டது தேவையே இல்லை! ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கும் குறைகிறது.

சிறுநீரகக் கல் பயத்தில் பாலை நிறுத்துகிறார்கள், அது தலைகீழ். பெரும்பாலான கற்களில் இருக்கும் ஆக்ஸலேட்டைச் சாப்பாட்டுக் கால்சியம் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மாத்திரையில்தான் கவனம் வேண்டும். 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், தினமும் 1000 மில்லிகிராம் கால்சியத்தோடு வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் அதிகம் வந்தது. ஏற்கெனவே கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

டாக்டரிடம் காட்டி, இப்போது அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை மட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிட்ரேட் ஒன்று. தைராய்டு அளவு இரண்டே பரிசோதனையில் கட்டுக்குள் வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை போடுகிற என் அக்காவுக்கு மதியம் கார்பனேட், இரும்பு இரவில், இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாமல்.