மதுரையிலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புவோர் கவனத்திற்கு

மதுரையில் இருக்கும் பெற்றோர் வழியாகப் பொருள் வரவழைக்கும் வெளிநாட்டுத் தமிழர்கள், பெரிய நிறுவனங்களின் சின்னங்களைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவைத்து ‘சர்வதேச கூரியர்’ என்று பலகை மாட்டியிருக்கும் முன்பதிவுக் கடைகளிடம் பெட்டியை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் எனக்கு அம்மா அனுப்பிய பெட்டியில் அப்படியொரு கடை எங்கெங்கே பணம் பிடுங்கியது என்பது விளங்கும்படி எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை இரண்டு சுங்குடிச் சேலைகள், குழந்தையின் பருத்தி உடைகள், புளி, இட்லிப் பொடி, முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை. எல்லாம் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தராசில் ஒன்பது கிலோ. கிலோவுக்கு 850 ரூபாய் வீதம் 7,650 ரூபாயும் ஆதார் நகலும் வாங்கிக்கொண்ட கடைக்காரர், “வீட்டு வாசல் வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தாம்மா, அங்க உங்க மகன் ஒரு பைசா கட்ட வேண்டியதில்ல” என்று உறுதி சொல்லியிருக்கிறார்.

அம்மா வீடு திரும்பிய பிறகு, பொருள்கள் வேறொரு பெரிய அட்டைப்பெட்டிக்கு மாற்றப்பட்டன. மறுநாள் தொலைபேசி வந்தது: பெட்டி சென்னைக்குப் போய்விட்டது, ‘வால்யூம் வெயிட்’ 22 கிலோ, மீதி 11,050 ரூபாய் கட்டினால்தான் விமானம் ஏறும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண் உண்மை எடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குவது கூரியர் நிறுவனங்களின் வழக்கம்தான்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மா கட்டிக்கொண்டு போன பெட்டி 40, 35, 30 அளவுள்ளது. அதன் கணக்கு 8.4 கிலோ மட்டுமே. கடைக்காரர் மாற்றிய பெட்டி 60, 45, 40, கணக்கு 21.6 கிலோ. என் கைக்கு வந்தபோது அதில் பாதிக்கு மேல் கசக்கிய செய்தித்தாள்தான் இருந்தது. பெட்டி பாதி வழியில் நிற்கிறது என்ற பயத்தில் வயதானவர் கேட்ட தொகையைக் கட்டிவிடுவார் என்று தெரிந்தே செய்த வேலை இது.

ஜெர்மனியில் அடுத்த செலவு காத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொருள்களுக்கு இருந்த இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு மட்டும் 45 யூரோ வரை விலக்கு உண்டு. எங்கள் பெட்டி அந்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் பெட்டியோடு சுங்கத்துக்குக் காட்டப்பட்ட விலைப்பட்டியலில் (இன்வாய்ஸ்) அனுப்புநராக இருந்தது அம்மாவின் பெயர் அல்ல, நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு வணிக நிறுவனத்தின் பெயர். அதனால் அது அன்பளிப்பு என்ற தகுதியையே இழந்தது. வரியும், அதை முன்னதாகக் கட்டியதற்கென்று கூரியர் நிறுவனம் கேட்ட தனிக் கட்டணமும் என் தலையில் விழுந்தன. பால் பொருள்களைத் தனிநபர்கள் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பார்சலில் வரவழைக்கத் தடை இருப்பதால், பால்கோவாவைச் சுங்கத்தார் அழிப்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். “பால்கோவா போகுமா?” என்று அம்மா கேட்டே கொடுத்தார், “தாராளமாப் போகும்” என்பதே கிடைத்த பதில். திரும்பக் கேட்டபோது, அது அந்த நாட்டு வரி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார்.

ஆகவே, பெட்டியை உங்கள் வீட்டினர் கண் முன்பாகவே ஒட்டச் செய்யுங்கள். மூன்று அளவுகளையும் எடையையும் ரசீதில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். விலைப்பட்டியலின் நகலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அனுப்புநர் பெயரைச் சரிபாருங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கடை தரும் சொந்தக் கண்காணிப்பு எண் போதாது, உண்மையில் சுமந்து வரும் நிறுவனத்தின் கண்காணிப்பு எண்ணையே கேளுங்கள். தலைமை அஞ்சலகத்தில் இ.எம்.எஸ். எனப்படும் வெளிநாட்டு விரைவு அஞ்சல் சேவையில் அனுப்பினால், சுங்கப் படிவத்தை அனுப்புபவர் தம் பெயரிலேயே நிரப்பலாம். ‘ஐஎன்’ (IN) என்று முடியும், எழுத்தும் எண்ணுமாக 13 இடங்கள் கொண்ட கண்காணிப்புக் குறியீடும் கிடைக்கும். நான் இனி அப்படித்தான் வரவழைப்பேன்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. அம்மாவின் பெயரில் மதுரையில் மனு தயாராகிறது. கூடுதல் பணம் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும், பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் அதற்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறோம்.