விளக்குக்கு ஐந்து நட்சத்திரம், ஆர்டர் ஃபார்முக்கு ஒன்று

நாச்சியார்கோவில் பட்டறை ஒன்றின் இணையதளத்தில் அன்னம் வைத்த குத்துவிளக்கு வாங்கினோம். காவிரி வண்டலில் அச்செடுத்து வார்த்த வேலை, நல்ல கனம், மரை போட்டு மாட்டும் பாகங்கள் ஆட்டமில்லாமல் உட்காருகின்றன. பேக்கிங்கும் கெட்டி.

ஆர்டர் போடும் பக்கம்தான் தொல்லை. கடைகளுக்கென்று நான் பெயருக்குப் பின்னால் பிளஸ் குறியும் ஒரு சொல்லும் சேர்த்த மெயில் ஐடியைத்தான் கொடுப்பேன். ஜிமெயிலில் அது என் பெட்டிக்கே வரும், எந்தக் கடை அனுப்பியது என்று பிரிக்க வசதி. ஃபார்ம் அதைச் செல்லாது என்றது. சரி, அலுவலக ஐடியைப் போட்டேன், அது .டெக்னாலஜி என்று முடிவதால் அதுவும் செல்லாது. வலை நிரல் எழுதுவதுதான் என் வேலை, பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன்: அட் குறிக்கு முன்னால் எழுத்து, எண், புள்ளி, கோடு மட்டும், கடைசிப் புள்ளிக்கு அப்புறம் இரண்டிலிருந்து நான்கு எழுத்து. ஆங்கிலத்தில் ஆறெழுத்துள்ள .மியூசியம் 2001-லேயே வந்துவிட்டது, இந்த ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் நிரல் வரியை) இன்னும் காப்பி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் .இந்தியா டொமைன் இருக்கிறது, 2012-ல் வந்த ஆர்எஃப்சி 6531 என்ற இணையத் தர ஆவணம் அட் குறிக்கு முன்னாலும் தமிழ் எழுத வழி செய்தது, தமிழ்நாட்டுக் கடையின் ஃபார்ம் அதை ஏற்காதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதைவிட மோசம், தப்பான ஐடி சுலபமாக உள்ளே போய்விடுகிறது. தஞ்சாவூர் சித்தி ஆர்டர் போட்டபோது ஜிமெயில்.காம் என்பது ஜிமெயில்.கான் என்று விழுந்துவிட்டது, ஃபார்ம் ஒன்றும் கேட்கவில்லை, ரசீதும் கூரியர் எண்ணும் அவருக்கு வரவே இல்லை. எழுத்து வடிவத்தைப் பார்த்து அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. மெயில் போய், அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் தெரியும்.

கடைக்காரர்களே, உங்களுக்கு நிரல் எழுதுபவரிடம் அந்த ரெஜெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். மெயில் ஐடி கேட்கும் கட்டத்தின் இன்புட் டைப்பை ஈமெயில் என்று வைத்தால் பிரவுசரே அடிப்படைச் சோதனையைச் செய்துவிடும், பிளஸ் குறியையும் ஏற்கும். அட் குறிக்கு முன்னால் தமிழ் வந்தால் மட்டும் பிரவுசர் அதைத் தடுத்துவிடலாம், அதையும் ஏற்க வேண்டுமென்றால் பிரவுசர் சோதனையை நிறுத்திவிட்டு சர்வரில் பார்க்க வேண்டும். நீளம் 254-க்குள் இருந்தால் போதும். .கான் என்று வந்தால் ‘.காம் தானே?’ என்று கேளுங்கள், தடுக்காதீர்கள். அப்புறம் உறுதிப்படுத்தும் மெயில் அனுப்புங்கள், அதற்காகப் பணம் கட்டுவதை நிறுத்திவைக்க வேண்டாம், போன் எண்தான் வாங்கிவிடுகிறீர்களே.

சித்தி போன் செய்தபோது பேசியவர் பொறுமையாகக் கேட்டு, கூரியர் எண்ணை உடனே வாட்ஸப்பில் அனுப்பினார், அதற்கு நன்றி. ஃபார்மைத் திருத்தும்வரை போனிலேயே ஆர்டர் சொல்லுங்கள். கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் திருவாரூர் சாலையில் நேரே போய்ப் பார்த்தே வாங்கலாம்.